இரண்டு கிராம் சரை: கஞ்சா சட்டபூர்வமானால் திருகோணமலையில் என்ன நடக்கும்?

உப்புவெளி, நிலாவெளிக் கரையில் மே தொடங்கிச் செப்டெம்பர் வரை உல்லாசப் பயணிகள் நிறைந்திருப்பார்கள். அந்த மாதங்களில் ஒரு பின்னேரம், அலஸ்தோட்டத்தில் மோட்டார் சைக்கிளை மறித்துச் சோதிக்கும்போது ஓர் இளைஞனின் சட்டைப் பையில் பத்திரிகைத் தாளில் மடித்த சரை ஒன்று அகப்படுகிறது. நிறுத்தால் இரண்டு கிராம். இது குறிப்பிட்ட எவருடைய வழக்கும் அல்ல. சிறு அளவுக் கஞ்சா வழக்குகள் இந்த மாவட்டத்தில் வழமையாகப் போகும் பாதையைப் பின்தொடர எடுத்துக்கொண்ட மாதிரி. சட்டத்தை மாற்றினால் எது மாறும், எது மாறாது என்பதை இந்தச் சரையை வைத்தே பார்க்கலாம்.

சரை முத்திரையிட்ட உறைக்குள் போகிறது. இருபத்து நான்கு மணித்தியாலத்துக்குள் இளைஞன் நீதவான் முன் நிறுத்தப்படுகிறான். 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழக்கு. பெரும்பாலும் குற்றத்தை ஒப்புக்கொள்வான், தண்டப்பணம் கட்டுவான், வீட்டுக்குப் போவான். அன்றைய தண்டப்பணத்தைச் சொந்தக்காரர் சேர்ந்து கட்டிவிடலாம். கைரேகையோடு சேர்ந்த பதிவு மட்டும் அழியாது. இரண்டு வருடம் கழித்துக் கட்டாருக்கோ கொரியாவுக்கோ வேலை சரிவந்து பொலிஸ் நற்சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் அந்தச் சரையின் உண்மையான விலை தெரியவரும். மூதூரிலும் கின்னியாவிலும் குச்சவெளியிலும் வெளிநாட்டு உழைப்பை நம்பி வீடு கட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு, வாய்ப்புப் போனால் பாதியில் நின்றுபோன சுவர்தான் மிச்சம்.

அந்த உறைக்குள் இருந்தது என்ன? வழக்குக்குத் தேவையான கேள்விகள் இரண்டு: கஞ்சாவா, எவ்வளவு எடை. நுணுக்குக்காட்டியில் இலையின் மயிர்களைப் பார்த்தும், டுக்கெனுவா–லெவின் நிறச் சோதனையில் ஊதா நிறம் குளோரோஃபோம் படைக்குள் இறங்குவதைப் பார்த்தும் முதலாவதற்கு விடை சொல்லிவிடலாம். இரண்டாவதற்குத் தராசு போதும். உடலையும் மனதையும் தாக்கும் டி.எச்.சி எத்தனை வீதம் என்பது வழக்கில் ஒரு கேள்வியே அல்ல. ஆனால் சுகாதாரத்தின் பக்கம் நின்று பார்த்தால் கேள்வி அது ஒன்றுதான். ஐந்து வீத டி.எச்.சி உள்ள இரண்டு கிராமில் 100 மில்லிகிராம் இருக்கும். இருபது வீதமென்றால் 400. ஆய்வுகளில் ஓர் அலகாகக் கொள்ளப்படும் அளவு 5 மில்லிகிராம். ஒரே எடை, ஒரே சரை, ஒரே தண்டம். உள்ளே இருப்பதோ இருபது அலகாகவும் இருக்கலாம், எண்பதாகவும் இருக்கலாம்.

கரையோரத்துக்கு வரும் சரக்கில் பெரும்பகுதி 'கேரளக் கஞ்சா' என்று அழைக்கப்படுகிறது. பாக்கு நீரிணையைத் தாண்டி மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் இறங்கி உள்ளே பரவுகிறது. பெயரில் கேரளம் இருந்தாலும் பெருமளவு விளைவது ஆந்திர, ஒடிசா மலைப்பகுதிகளில். கடல் வழியாக வருவதற்காக இறுக்கி அழுத்திப் பழுப்பு நாடா சுற்றிய பொதிகளாகக் கட்டுகிறார்கள். உப்புக் காற்றும் ஈரமும் பட்ட பொதிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். புகைப்பவரின் நுரையீரலுக்குப் போவது கஞ்சா மட்டுமல்ல. இதை யாரும் சோதிப்பதில்லை, சோதிக்கும் கடமை எவருக்கும் இல்லை. தடைச் சட்டம் தரும் தீமைகளில் அதிகம் பேசப்படாதது இது.

இன்னொன்றும் உண்டு. கஞ்சா பருமனானது, மணப்பது. ஐஸ் என்ற மெத்தம்பெற்றமினை நகக்கண் அளவில் மறைக்கலாம், வாசனையும் இல்லை. சோதனை கடுமையாகும்போது மணப்பதை விட்டு மணக்காததைக் கடத்துவதே வியாபாரிக்கு இலாபம். நாட்டில் ஐஸ் பரவியதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. ஆனாலும் மணக்கும் போதைப்பொருளைத் துரத்துவது மணக்காததற்கு வழிவிடுகிறது என்பதைக் கணக்கில் எடுக்காமல் எந்தச் சட்டத் திருத்தத்தையும் மதிப்பிட முடியாது.

'சட்டபூர்வமாக்குதல்' என்றால் எது?

இந்த ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு காரியங்களைப் போட்டுக் கலக்கிப் பேசுவதால்தான் விவாதம் சண்டையாகி முடிகிறது. போர்த்துக்கல் 2001 இல் செய்தது, சிறு அளவு வைத்திருப்பதைக் குற்றவியல் வழக்காக்காமல் நிர்வாக விசாரணைக்கு மாற்றியது. பத்து நாள் பாவனைக்கான அளவு, கஞ்சா இலையென்றால் 25 கிராம். விற்பனை அங்கே இன்றைக்கும் குற்றம். உருகுவே 2013 டிசம்பரில் சட்டம் இயற்றி, 2017 ஜூலையில் மருந்துக்கடைகளில் விற்கத் தொடங்கியது: பதிவு செய்த வதிவாளருக்கு மாதம் 40 கிராம், உல்லாசப் பயணிக்கு ஒன்றுமில்லை. கொலராடோ 2014 ஜனவரி 1 இல் முழு வணிகமாகத் திறந்தது. கனடா 2018 ஒக்டோபர் 17 இலிருந்து பொது இடத்தில் 30 கிராம் வரை அனுமதித்தது. ஜேர்மனி 2024 ஏப்ரல் 1 இலிருந்து வெளியே 25 கிராமும் வீட்டில் மூன்று செடியும் அனுமதித்துக் கடை மட்டும் வேண்டாம் என்றது.

இலங்கை இப்போது எடுத்திருக்கும் வழி இவை எதுவுமில்லை. 2025 இல் முதலீட்டுச் சபை மீரிகமவில் 64 ஏக்கரில் ஏற்றுமதிக்கு மட்டும் பயிரிட ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அனுமதி கொடுத்தது. அலஸ்தோட்டத்தில் பிடிபட்ட இளைஞனுக்கு அதனால் ஒரு மாற்றமும் இல்லை. வெளிநாட்டு நோயாளிக்காக மீரிகமவில் வளர்ப்பது முதலீடு, இங்கே இரண்டு கிராம் குற்றம். இந்த ஏற்றத்தாழ்வை ஏற்றுக்கொள்ள முடியாது.

கடற்கரைக்கு எச்சரிக்கை: தாய்லாந்து

திருகோணமலைக்கு மிக நெருங்கிய ஒப்பீடு கொலராடோ அல்ல. உல்லாசப் பயணக் கரைகளைக் கொண்ட, சோறு தின்னும், வெப்பமண்டல பௌத்த நாடான தாய்லாந்துதான். 2022 ஜூன் 9 இல் கஞ்சாவைப் போதைப்பொருட் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அதை ஒழுங்குபடுத்தும் முழுச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கவில்லை. இருபது வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கும் கர்ப்பிணிகளுக்கும் விற்கக் கூடாது, பொது இடத்துப் புகை தொல்லை என்று அறிவித்தல்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன. அதற்குள் பயணிகள் திரியும் தெருக்களில் ஆயிரக்கணக்கான கடைகள் முளைத்துவிட்டன. 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு இல்லாமல் கஞ்சாப் பூ விற்கக் கூடாது என்று திரும்பவும் இறுக்கினார்கள். கடன் வாங்கிக் கடை போட்ட சிறு வியாபாரிதான் நடுத்தெருவில் நின்றார்.

நிலாவெளியில் வருடத்தில் ஐந்து மாத வருமானத்தை நம்பி விடுதி நடத்துபவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். மாரி மழை பெய்யும் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை கரையில் பயணி இல்லை. அப்போது கடையில் தேங்கிய சரக்கு யாருக்கு விற்கப்படும்? ஊர்ப் பொடியன்களுக்குத்தான். வெளிநாட்டவருக்கென்று திறக்கும் கடை, மாரி காலத்தில் உள்ளூர்க் கடையாக மாறும். இங்கே சில்லறைக் கடை வேண்டாம் என்று நாம் சொல்வதற்கு முதற் காரணம் இதுதான்.

தின்னும் பொருள்: தவறு நடக்கும் இடம்

எதைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும், உணவுவடிவக் கஞ்சாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். புகைத்தால் சில நிமிடத்தில் உச்சம் தெரியும், போதுமென்று நிறுத்தலாம். தின்றால் அரை மணித்தியாலம் முதல் இரண்டு மணித்தியாலம் வரை ஒன்றும் தெரியாது. ஈரலில் டி.எச்.சி இன்னும் வலுவான ஒரு வடிவமாக மாறி, பிறகுதான் ஏறும். 'ஒன்றும் செய்யவில்லை' என்று இரண்டாம் துண்டைத் தின்பவர், ஒரு மணித்தியாலம் கழித்து இரண்டின் சுமையையும் சேர்த்துத் தாங்குவார். நெஞ்சு படபடக்கும், செத்துப்போவேன் என்ற பயம் பிடிக்கும், வாந்தி வரும். வளர்ந்தவர் அநேகமாக ஒரு நாளில் தேறிவிடுவார்.

குழந்தை அப்படியல்ல. கொலராடோவில் ஒரு பொதியில் 100 மில்லிகிராம் வரை அனுமதி, ஒரு துண்டு 10. மூன்று வயதுக் குழந்தையின் எடை 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கொலராடோ சிறுவர் வைத்தியசாலையிலிருந்து 2023 இல் வெளிவந்த ஆய்வு, ஆறு வயதுக்குட்பட்டோரில் கிலோவுக்கு 1.7 மில்லிகிராமைத் தாண்டினால் நஞ்சேற்றம் கடுமையாகவும் நீண்டும் போகும் என்று காட்டியது. 12 கிலோவுக்கு அது ஏறக்குறைய 20 மில்லிகிராம், அதாவது இரண்டு துண்டு இனிப்பு. எந்தக் குழந்தை இரண்டோடு நிறுத்தும்? கனடா பொதிக்கே 10 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. அங்கே முழுப் பொதியைத் தின்றாலும் அதே குழந்தைக்குக் கிலோவுக்கு 0.8 தான். அப்படியிருந்தும் உணவுவடிவங்கள் வந்த பிறகு கனடாவில் குழந்தைகள் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவது கூடியது. இனிப்பு வடிவத்தைத் தடுத்த கியூபெக் மாகாணத்தில் கூடுதல் குறைவாக இருந்தது. சட்டப் புத்தகத்தில் ஒரு வரி, ஒரு எண், இப்படி வார்டில் வந்து முடிகிறது.

அந்த வார்டு திருகோணமலையில் என்றால்? குழந்தை தூங்கி வழியும். நடக்கவிட்டால் தள்ளாடும், கை கால் துவண்டிருக்கும், நாடி வேகமாக இருக்கும், சில வேளை மூச்சு மெதுவாகும். நஞ்சை முறிக்கும் மருந்து கிடையாது. குருதியில் குளுக்கோசைப் பார்ப்பது, மூச்சைக் கண்காணிப்பது, சிறுநீரைச் சோதிப்பது, ஒரு நாளாவது வைத்திருந்து பார்ப்பது, இவ்வளவுதான் வைத்தியம். ஆனால் வைத்தியர் முன்னால் இருப்பது 'திடீரென்று மயங்கிய குழந்தை' மட்டுமே. மூளைக்காய்ச்சலா, தலையில் அடியா, வேறு நஞ்சா என்று ஒவ்வொன்றாகத் தேடியாக வேண்டும். முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பார்கள், தலையை ஸ்கேன் செய்வார்கள், தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்புலன்ஸில் அனுப்புவார்கள். 'மாமா மேசையில் வைத்திருந்த உருண்டையைத் தின்றவள், டொக்டர்' என்று தாய் ஒரு வார்த்தை சொன்னால் இவற்றில் பாதி தேவையில்லை. பொலிஸுக்குப் பயந்து தாய் சொல்ல மாட்டாள்.

இது இறக்குமதி இனிப்புகளின் பிரச்சினை மட்டுமல்ல. மதன மோதகம் என்ற பெயரில் பைக்கற்றுகளில் விற்கப்படும் கஞ்சா சேர்த்த உருண்டைகளும், பாக்கோடும் புகையிலையோடும் கலந்த மாவாவும் ஏற்கெனவே பள்ளிக்கூடச் சந்திகள்வரை வந்துவிட்டன. எந்தப் பைக்கற்றிலும் டி.எச்.சி அளவு அச்சிடப்படுவதில்லை. சட்டம் மாறும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே அளந்து பார்க்க வேண்டிய பொருட்கள் இவை.

மனநலப் பக்கம் சுருக்கமாகச் சொல்லலாம். பாவிப்பவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பேருக்கு அடிமைநிலை வரும். பதின்ம வயதில் தொடங்கினால் ஆறில் ஒருவருக்கு. பத்து வீதத்துக்கு மேல் டி.எச்.சி உள்ளதை நாள்தோறும் பாவிப்பவர்களுக்கு மனப்பிறழ்வு வரும் சாத்தியம், ஒருபோதும் பாவிக்காதவர்களைவிடப் பல மடங்கு என்று ஐரோப்பிய நகரங்களில் நடந்த ஆய்வு 2019 இல் காட்டியது. குடும்பத்தில் மனநோய் இருப்பவருக்கு ஆபத்து இன்னும் கூட. இங்கே முதல் அறிகுறி தெரிந்தவுடன் செய்வினை என்று மந்திரிக்கக் கொண்டுபோவார்கள். ஆஸ்பத்திரிக்கு வர மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில்தான் நோய் ஊன்றுகிறது. காதுக்குள் குரல் கேட்கிறது, ஆட்கள் பின்தொடர்கிறார்கள் என்று ஒரு பிள்ளை சொன்னால் மனநல உதவிக்கான 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம், அல்லது நேரே மனநலப் பிரிவுக்கு வரலாம். கஞ்சா குடித்ததைச் சொன்னால் வழக்கு வரும் என்ற பயம் இருக்கும்வரை உண்மையான வரலாறு வைத்தியருக்குக் கிடைக்காது.

வரி, கசிப்பு, வங்கி

'கோடிகோடியாக வரி வரும்' என்பவர்கள் கசிப்பைப் பார்க்க வேண்டும். சாராய வரி ஏற ஏறக் கசிப்பு அடுப்புகள் கூடும் என்பது இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். கலிபோர்னியாவில் 2018 இல் கடைகள் திறந்தும் கள்ளச் சந்தை அழியவில்லை: வரி அதிகம், பல ஊராட்சிகள் கடைகளைத் தடுத்தன, கள்ளச் சரக்கு மலிவு. எடைக்கு வரி போட்டால் விளைவிப்பவர் ஒரே எடையில் அதிக வலுவை அடைக்கப் பார்ப்பார். அதனால் இல்லினோய் மாநிலம் டி.எச்.சி 35 வீதம்வரை உள்ளதற்கு 10 வீதமும், அதற்கு மேல் 25 வீதமும் வரி வைத்தது. வலுவுக்கேற்ற வரி நல்ல யோசனை. ஆனால் வலுவை அளக்கத் தெரிந்த நாடுதான் வலுவுக்கு வரி போட முடியும்.

உருகுவேயில் எதிர்பாராத இடத்தில் அடி விழுந்தது. கஞ்சா விற்ற மருந்துக்கடைகளின் கணக்குகளை வங்கிகள் மூடத் தொடங்கின. அமெரிக்க வங்கிகளோடு டொலர்த் தொடர்பு அறுந்துவிடும் என்ற பயம். டொலர் இல்லாமல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற 2022 ஐ மறக்காத நாடு இந்த ஆபத்தை எளிதாக எடுக்கக் கூடாது.

இங்கே பயிரிட்டால்

கந்தளாய், தம்பலகாமம் பக்கம் காணி இருக்கிறது, குளத்து நீர் இருக்கிறது, சணல்கஞ்சா (நாருக்காக வளர்க்கும், போதை மிகக் குறைந்த வகை) போடலாமே என்கிறார்கள். வெளிச்சக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. திருகோணமலை வடக்கு அகலாங்கு எட்டரைப் பாகையில் இருக்கிறது. வருடத்தின் மிக நீண்ட பகல் ஏறக்குறைய 12 மணி 40 நிமிடம். மிகக் குறுகியது 11 மணி 35 நிமிடத்தை ஒட்டும். ஐரோப்பிய நார் வகைகள் பகல் 14 மணித்தியாலத்தை ஒட்டி இருக்கும்வரை வளர்ந்து, குறைந்ததும் பூப்பவை. இங்கே நட்டால் முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடும். நாரும் இல்லை, விளைச்சலும் இல்லை. வெப்பமண்டல வகையைப் போட்டால் சணலுக்குரிய 0.3 வீத டி.எச்.சி வரம்பைத் தாண்டும் அபாயம் உண்டு. அப்போது முழு வயலும் சட்டப்படி அழிக்க வேண்டிய கஞ்சா.

மருந்துப் பூவுக்கு வேறு தொல்லை. 15 முதல் 20 பாகை செல்சியசில், 55 முதல் 60 வீத ஈரப்பதனில் மெதுவாக உலர்த்த வேண்டும். இங்கே நிழலிலேயே 28 பாகை, காற்றில் ஈரமும் அதிகம், மாரியில் இன்னும் கூட. குளிரூட்டியும் ஈரமகற்றியும் இரவு பகலாக ஓட வேண்டும். மின்கட்டணப் பட்டியல்தான் இலாபத்தைத் தின்னும். ஒரு நாள் மின்சாரம் நின்றால் பூஞ்சணம். இந்தச் செடி மண்ணிலுள்ள கட்மியம், ஈயத்தையும் இழுத்துச் சேர்க்கும், ஆகவே மண் சோதனையும் கட்டாயம். இவ்வளவும் செய்து முடித்தபின் ஐரோப்பியத் தரச் சான்றிதழுக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சிறு விவசாயிக்கு இதில் இடமில்லை. காவலுக்கு நிற்கும் வேலைதான் கிடைக்கும். வெங்காயம் போட்டு நட்டப்பட்ட ஒருவரிடம் இதைப் பொன் விளையும் பயிர் என்று சொல்வது பாவம்.

என்ன செய்ய வேண்டும்

எங்கள் கணிப்பில் வரிசை முக்கியம். முதலில், சொந்தப் பாவனைக்கான சிறு அளவைக் குற்றப் பதிவிலிருந்து எடுக்க வேண்டும். பழைய பதிவுகளை விண்ணப்பம் இல்லாமலே நீக்க வேண்டும். கனடா விண்ணப்பிக்கச் சொன்னது. மிகச் சிலரே விண்ணப்பித்தார்கள். கலிபோர்னியா 2018 இல் அரசே தேடிக் கண்டுபிடித்து நீக்கும் சட்டம் போட்டது. அதுதான் சரி. இங்கே ஏழைக்குச் சட்டத்தரணி கட்டணமே இன்னொரு தண்டம். விற்பனை, கடத்தல் குற்றமாகவே இருக்கட்டும்.

அதோடு வெளிநாடு போகிறவர்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: இங்கே சட்டம் தளர்ந்தாலும் கட்டாரிலும் சவூதியிலும் தளராது. நாள்தோறும் புகைத்தவரின் சிறுநீரில் எச்சம் நிறுத்திய பின்னும் வாரக்கணக்கில் தங்கும். வேலைக்கு முந்திய மருத்துவப் பரிசோதனையில் அது அகப்படலாம். போதை தெளிந்துவிட்டதா என்பதை அந்தச் சோதனை காட்டாது. சாரதிகளைச் சோதிப்பதிலும் இதே சிக்கல்: குருதியிலுள்ள டி.எச்.சி அளவுக்கும் தடுமாற்றத்துக்கும் மதுவில் இருப்பதுபோல நேரான தொடர்பு இல்லை. வாகனத்தை நிறுத்தி நடக்கச் சொல்லி, கண்ணைப் பார்த்து மதிப்பிடப் பயிற்சி பெற்ற பொலிஸார் வேண்டும்.

சட்டத்தில் ஏற்கெனவே திறந்திருக்கும் வாசல் சித்த, ஆயுர்வேத மருந்துச் செய்கை. வழக்கு முடிந்த சான்றுப்பொருட் கஞ்சாவை மருந்துக்குக் கொடுக்கும் வழக்கம் உண்டு. வழக்கு முடிய வருடங்கள் போய்விடும். அதற்குள் வெயிலிலும் காற்றிலும் டி.எச்.சி சிதைந்து சி.பி.என் என்ற வலுக் குறைந்த சேர்மம் ஆகியிருக்கும். பூஞ்சணம் பிடித்த, வலு தெரியாத இலையில் செய்த லேகியத்துக்கு என்ன அளவு சொல்வது? மருந்துக்காகச் சுத்தி (தூய்மையாக்கல்) செய்யும்போது இலையைத் துணியில் கட்டிப் பச்சை நிறம் போகும்வரை நீரில் அலசி, நெய்யில் வறுப்பார்கள். டி.எச்.சி நீரில் கரையாது, நெய்யில் கரையும்; பச்சை இலையில் இருக்கும் அதன் அமில வடிவம் சூட்டில் டி.எச்.சியாக மாறும். ஆகவே சுத்தி செய்த கஞ்சா வலுக் குறைந்தது என்று எடுத்துக்கொள்வது ஆபத்து. குடல் அதை இன்னும் எளிதாக உறிஞ்சலாம். இதை ஊகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, அளக்கலாம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில், கோணேசபுரியில், சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. அங்கே சேர்மங்களைப் பிரித்து அளக்கும் உயர்திறன் திரவ நிறப்பகுப்பு இயந்திரம் ஒன்றும், தூய ஒப்பீட்டு மாதிரிகளும், அவற்றை வைத்திருக்கும் அனுமதியும் வேண்டும். அளவை கணக்கிடும்போது அமில வடிவத்தை 0.877 ஆல் பெருக்கி டி.எச்.சியோடு கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் பச்சை இலையின் வலு பூச்சியத்துக்குப் பக்கத்தில் காட்டும். சரையிலிருந்து ஒரு சிட்டிகை, கடையில் வாங்கிய மோதகத்திலிருந்து ஒரு துண்டு, லேகியத்தின் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மேல், நடு, அடி என்று மூன்று மாதிரி. லேகியத்தில் நெய் ஒரு பக்கம் ஒதுங்கினால் டி.எச்.சியும் அந்தப் பக்கமே சேரும். ஒரு கரண்டியில் ஒன்றுமில்லாமலும் அடுத்ததில் மூன்று மடங்கும் போகும். மூன்று மாதிரியும் ஒத்துவரும்வரை அந்தத் தொகுதி வெளியே போகக் கூடாது.